பால்கனியில் நான் தூக்கிய பை

எனக்கு வெடிச் சத்தம் என்றால் பயம். சின்ன வயதில் தீபாவளிக்கு நான் தொட்ட அதிகபட்ச ஆயுதம் பாம்பு மாத்திரை. அதையும் என் தங்கைதான் பற்ற வைப்பாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருவன், வெடிகுண்டை அடையாளம் காண்பது எப்படி, அதனிடமிருந்து தப்பிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துப் பிழைத்தான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். சில நாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போது எனக்கே கஷ்டமாக இருந்திருக்கிறது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, பொழிச்சலூர் வீட்டு மொட்டை மாடியில் விமானங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். (எங்கள் தெருவில் யார் பேசினாலும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, தலைக்கு மேல் விமானம் போன பிறகு மீதியைச் சொல்வார்கள். சண்டைகூட அப்படித்தான் நடக்கும்.) அந்தச் சமயத்தில் பேப்பரைப் பிரித்தால் எங்கேயாவது குண்டு வெடித்த செய்தி இருக்கும். ரயிலில், பஸ்ஸில், பாங்கில், எங்கே பார்த்தாலும் 'கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கை. மக்களுக்குப் பயம் வந்தால் அதற்கு ஒரு கோர்ஸும் வந்துவிடும் அல்லவா? கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், ராணுவத்தில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பயிற்சி நிலையம் தொடங்கினார். பயிற்சியாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. போனேன்.

சுபேதார் சார் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"எண்ணு."

எண்ணினேன். "பத்து சார்."

"சர்வீஸ் பூரா குண்டோடதான் குடும்பம் நடத்தினேன். பத்தும் இருக்கு. இதான் என் சர்டிஃபிகேட். உன்னோடது எங்க?"

பல்கலைக்கழகம் கொடுத்ததை நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டில் "டிஃபன்ஸ் ட்ரெயினிங் சென்டர்ல வாத்தியார்" என்று சொன்னேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா "டிபன் சென்டரா? பார்சல் உண்டா?" என்று கேட்டார். அதைத் திருத்தினேன். அம்மாவோ, தாம்பரம் விமானப்படைப் பையன்களுக்கு நான் இயற்பியல் பாடம் எடுப்பதாக முடிவு கட்டி, காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பெருமையில் நான் தலையிடவில்லை.

மூன்று மாதம் எனக்கே பயிற்சி. மேஜை மேல் டம்மிகள் வரிசையாக இருக்கும்: சோப்பு டப்பா, டிபன் கேரியர், டிரான்சிஸ்டர். உள்ளே களிமண், ஒயர், ஒரு சின்ன பல்பு. ஒவ்வொன்றின் அடியிலும் சுபேதார் சார் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார், நிஜத்தோடு குழம்பாமல் இருக்க. அவரிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டம்மியை நம் வழியில் போட்டுவிட்டு மறைந்து நின்று பார்ப்பார். ஒருமுறை கக்கூஸ் ஜன்னலில் ஒரு டப்பா இருந்தது. இன்னொரு முறை என் சைக்கிள் கேரியரிலேயே. இரண்டையும் நான் கவனிக்காமல் கடந்துபோய் வசவு வாங்கினேன். மூன்றாவது முறை விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். என் கேடுகாலம் அந்தத் தீர்மானத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் தனி வகுப்பு பல்லாவரம் பக்கத்தில் ஒரு சினிமா தியேட்டரில். பெயர் வேண்டாம். மேட்னிக்கு முன்னால், காலையில் ஊழியர்களுக்குப் பாடம். பால்கனியில் முன்வரிசையில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். டார்ச் அடித்து இடம் காட்டும் ஏழுமலை அண்ணன், பெண்கள் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா, கேன்டீன்காரர்கள், சைக்கிள் ஸ்டாண்டு ஆட்கள். ஓரமாக சஃபாரி சட்டையில் மேனேஜர், கர்ச்சீப்பும் கையுமாக.

"தொடாதே! தூக்காதே! தள்ளிப் போ! தகவல் சொல்!" என்று நான் கத்த, அவர்கள் திருப்பிக் கத்தினார்கள். ஆட்டினால் வெடிப்பது உண்டு, திறந்தால் வெடிப்பது உண்டு, அதனால் கை வைக்கவே கூடாது என்று விளக்கினேன். கூட்டத்துக்கு நடுவில் சத்தம் போடவே கூடாது, மேனேஜரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும், அவர் போலீஸுக்குச் சொல்வார் என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

ஏழுமலை அண்ணன் கை தூக்கினார். "சார், ஒரு டவுட்டு. பைய தொடாத தொடாதன்றியே, அப்ப ஜனங்க வுட்டுட்டுப் போற கொடை, செருப்பு, பல்லு செட்டுல்லாம் நாங்க இன்னா சார் பண்றது? டெய்லி போலீஸ கூப்புட்டா பேஜாரா பூடுமே."

"பல் செட்டை எடுக்கலாம்" என்றேன். பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

அடுத்து செய்முறை. ஒரு சோப்பு டப்பா டம்மியை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்து, தேடச் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா அதைத் தூக்கிக் காதருகே குலுக்கிக்கொண்டே வந்தார். "சார், இதுதானே? உள்ள ஏதோ கழண்டுபோயிருக்கு போல."

"அக்கா! நீங்க இப்ப செத்துட்டீங்க!"

"ஐயோ ஏசப்பா, நல்ல நாளும் அதுவுமா ஏன் சார் இப்படிச் சொல்றீங்க?" என்று அவர் டப்பாவை என் கையில் திணித்தார்.

அந்த இடத்தில் நான் நிகழ்த்திய உரையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பயிற்சி இல்லாதவர்களின் கை எப்படித் தானாக நீளும், பயிற்சி பெற்றவனின் கை எப்படி நீளாது என்று, பின்னால் கை கட்டிக்கொண்டு, ஒரு தளபதியைப் போல நடந்துகொண்டே பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் நெகிழ்ந்துபோய், "சார், மேட்னி பாத்துட்டுதான் போகணும். பால்கனி. நம்ம கெஸ்ட்டு" என்றார். பெருமை தலைக்கேறியவன் மதியம் தூங்க மாட்டான். உட்கார்ந்துவிட்டேன்.

அழுகைப் படம். பாதிப் படத்தில் கதாநாயகனின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகக் கிடந்தாள். பாட்டு இல்லை, பின்னணி இசைகூட இல்லை. பால்கனி முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும். அந்த அமைதியில்தான் கேட்டது.

டிக்கு. டிக்கு. டிக்கு.

என் பக்கத்து இருக்கை காலி; படம் பார்த்த மும்முரத்தில், முன்பு அங்கே யாராவது இருந்தார்களா என்றுகூட நான் கவனிக்கவில்லை. அதற்கடியில் இருந்துதான் வந்தது. முதலில் என் பையைத் தடவிப் பார்த்தேன். என் டம்மி பத்திரமாக இருந்தது. அதில் கடிகாரமும் இல்லை. குனிந்து பார்த்தால், காலி இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்பு ரெக்ஸின் பை. ஆள் இல்லை.

பயந்தேனா? இல்லை. சிரித்தேன். 'சுபேதார் சார், இங்கேயும் வந்துவிட்டீர்களா!' இருட்டில் எங்கேயோ பின்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பரீட்சை. அடியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், அதைத் தொட்டுக் காட்டி அசத்திவிடலாம் என்று பையை லாவகமாகத் தூக்கி மடியில் வைத்து, திரை வெளிச்சத்தில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பொட்டு இல்லை.

கையால் தடவினேன். இல்லை. பையும் டம்மி கனம் கனக்கவில்லை. அதைவிட நிறைய கனத்தது. உள்ளே ஏதோ உலோகம் உலோகத்தோடு இடித்துக்கொண்டது. டிக்கு டிக்கு என்று கேட்டது ஒரே ஒரு கடிகாரம் இல்லை. பல கடிகாரங்கள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு.

என் உடம்பில் ரத்தம் நின்றுவிட்டது. உவமைக்குச் சொல்லவில்லை, கால் இரண்டும் ஐஸ் ஆகி, முழங்காலுக்குக் கீழே என்னுடையதாக இல்லை. காலையில் நான் சொன்னது என் குரலிலேயே என் காதில் கேட்டது: ஆட்டினால் வெடிப்பது உண்டு. நான் ஆட்டியிருந்தேன். தூக்கி, திருப்பி, தடவி, மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தேன். இனி கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

கூட்டத்தில் சத்தம் போடக் கூடாது. மெதுவாகச் சொல்ல வேண்டும். எனக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து, "சார், கொஞ்சம் மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றேன்.

"சும்மா இருப்பா, அம்மா சாவுற நேரத்துல" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரையில் அம்மா கண்ணை மூடினாள். என் மடியில் ஏதோ 'கிளிக்' என்றது. அதோடு என் மூன்று மாதப் பயிற்சியும் காலி.

"பாம்! பாம்!" என்று அலறினேன்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெண் குரல்: "ஐயோ, பாம்பாம்!"

பால்கனியே கிளம்பி இருக்கைகளின் மேல் ஏறியது. ஒருவர்கூட வெளியே ஓடவில்லை. புடவையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேரும் நாற்காலிகளின் மேல் நின்று கீழே பார்த்தார்கள். "எங்க? எங்க?" "நல்ல பாம்பா, சாரையா?" "என் காலைச் சுத்துச்சு!" என்று ஒருவர் சத்தியம் செய்தார். (அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் பாம்புக்குப் பஞ்சமே இல்லை; ஜனங்களைக் குற்றம் சொல்ல முடியாது.) கீழே இருந்து சிலர் கம்போடு மேலே ஓடி வந்தார்கள். ஆபத்தான இடத்தில் இருந்து கூட்டத்தை வெளியேற்றுவது என் தொழில். நான் கூட்டத்தை உள்ளே வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்குகள் எரிந்தன. ஏழுமலை அண்ணன் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடியோடு வந்தார். "எங்க சார் கீது?"

"அண்ணா, பாம்பு இல்ல. பாம்!"

"அதான் சார், பாம்பு எங்க?"

"பாம்பு இல்லண்ணா!" என் குரல் கீச்சென்று போயிற்று. உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். "வெடி. குண்டு."

அவர் கையிலிருந்து தடி விழுந்தது. என் முகத்தைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். காலையில் படித்த பாடம் முழுக்க அவர் கண்ணில் ஓடியது.

"சார்… தொடாத, தூக்காதன்னு கத்துனியே. நீயே தூக்கி மடியில வச்சிகினு கீறியே சார்!"

பிறகு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, சத்தம் போடாமல், ஓடாமல், மேனேஜரைத் தேடிப் போனார். அந்த வகுப்பில் ஒருவர் தேறிவிட்டார் என்று அந்த நிலையிலும் தோன்றியது.

அப்போதுதான், நாலு வரிசைக்கு முன்னால், பெண்கள் பக்கத்தில், நாற்காலி மேல் நின்றிருந்த மயில் கழுத்து நிறப் புடவை திரும்பியது. எனக்குத் தெரிந்த புடவை. பக்கத்தில் சரோஜா அக்கா.

அம்மா! காலையில் சிட்லபாக்கத்தில் சித்திக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய என் அம்மா.

"பாஸ்கரு! நீ இங்க என்னடா பண்ற? இன்னைக்கு உனக்கு கிளாஸ் இல்ல?"

"நீ இங்க என்னம்மா பண்ற?" என்று கேட்டேன். மடியில் குண்டு, வாயில் இந்தக் கேள்வி.

அவள் இறங்கி, இருக்கைகளுக்கு நடுவே வர ஆரம்பித்தாள். அதுவரை பயந்தது என் உயிருக்குத்தான் என்று அந்த நொடியில்தான் புரிந்தது. அது ஒன்றுமே இல்லை. இந்தப் பயம் வேறு.

"அம்மா, கிட்ட வராதே! போயிடு! வெளிய போ!"

"ஏன்டா, பாம்பு அந்தப் பைக்குள்ளயா இருக்கு?"

"பாம்பு இல்லம்மா. வெடிகுண்டு." குரல் உடைந்துவிட்டது. "நான் பிளேன் பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கலம்மா. இதுதான் என் வேலை."

அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் முதலில் வந்தது திகைப்பு. பக்கத்தில் நாற்காலி மேல் நின்ற யாரோ "பல்லைப் புடுங்கிட்டாங்களா?" என்று பாம்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கடைசி இரண்டு அடியையும் எடுத்து வைத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கைகளையும் என் மடியை நோக்கி நீட்டினாள்.

"குடு, நான் பிடிச்சுக்கறேன். நீ ஓடு."

கேஸ் சிலிண்டரை வாங்கிக்கொள்வதுபோலத்தான் சொன்னாள். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை. ஒரு குண்டுக்காகத் தாயும் மகனும் இழுபறி நடத்திக்கொண்டிருந்தபோது, பை வாய்விட்டு அலறியது.

டிரிரிரிரிரிங்!

நானும் அலறினேன். அம்மாவும் அலறினாள். இரண்டு பேரும் பையோடு இருக்கைகளுக்கு நடுவே விழுந்தோம். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். செத்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருப்பது ஏன் என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.

"யோவ்! எவன்யா என் பைய எடுத்தது?" என்று தலைக்கு மேல் ஒரு குரல். முறுக்குப் பொட்டலத்தோடு ஒருவர் நின்றிருந்தார். கீழ்க்கட்டளையில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "ஒண்ணுக்குப் போய்ட்டு ரெண்டு முறுக்கு வாங்கியாரதுக்குள்ள இன்னா அக்குறும்பு இது! கஸ்டமர் டைம்பீஸ்யா அதெல்லாம். கண்ணாடி கிண்ணாடி ஒடைஞ்சா நான் இன்னா பதில் சொல்றது?"

பையைப் பிடுங்கி, உள்ளே கைவிட்டு, ஒரு அலாரம் டைம்பீஸின் மண்டையில் தட்டினார். அமைதியானது. பால்கனி முழுக்க நாற்காலியில் இருந்து இறங்கி, "அப்ப பாம்பு எங்க?" என்று ஏமாற்றத்தோடு கேட்டது. மேனேஜர் வந்தபோது அவருடைய கெஸ்ட் தரையில், அம்மாவின் கையைப் பிடித்தபடி கிடந்தான். மீதிப் படம் ஓடியது. நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மாலையே தாம்பரம் போய் சுபேதார் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தொட்டியா?"

"தொட்டேன் சார்."

"தூக்கினியா?"

"மடியில வெச்சேன் சார்."

"கத்தினியா?"

"கத்தினேன்."

அதற்கு மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த பால்கனிப் படிக்கட்டு எவ்வளவு அகலம்?"

நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து இறங்கத் தோள் இடிக்கும். கீழே போய் ஒரு திருப்பம் வேறு.

"பாம்புன்னு காதுல விழுந்ததால நாற்காலி மேல ஏறினாங்க. சரியா விழுந்திருந்தா எல்லாரும் அந்தப் படிக்குப் போயிருப்பாங்க. குண்டே இல்லாம…" என்றவர் முடிக்கவில்லை. நாற்காலிகளின் மேல் தோளில் குழந்தையோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக என் கண் முன்னால் வந்தார்கள். அன்றைய நாளில் நான் மிக அதிகமாக அதிர்ந்தது பால்கனியில் இல்லை. ஹார்டுவேர் கடை மாடியில், அந்த முடிக்காத வாக்கியத்தில்தான்.

வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அடுத்த வாரத்தில் இருந்து எங்கள் எல்லா வகுப்பும் "எங்க பயிற்சியாளர் ஒருத்தர் தியேட்டருக்குப் போனார்" என்றுதான் தொடங்கியது. அப்போது நான் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அதுதான் தண்டனை. பிறகு பல வருடம் பாங்க், பள்ளிக்கூடம், கம்பெனி என்று நானே வகுப்பு எடுத்தபோதும் அந்தக் கதையில்தான் தொடங்கினேன். தூக்கம் போட வந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

சுபேதாரைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் சரோஜா அக்கா மூலம் காலனிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து இரண்டு குற்றவாளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "சித்திக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மா, "செத்துட்டா. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். வேலையை விடு என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது மட்டும் சட்டென்று விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சம்பவத்துக்குச் சில வருடம் கழித்து, குரோம்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோம். நர்ஸ் வெளியே வந்து, துணியில் சுற்றிய என் மகளை என் கைகளில் வைத்துவிட்டார். இத்தனை சின்னதாக, இத்தனை கனமாக ஒன்றை நான் தூக்கியதே இல்லை. ஆடக் கூடாது, அசையக் கூடாது என்று முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஐஸ் ஆகி நின்றேன். அப்பா, மாமனார், மாமியார், சரோஜா அக்கா எல்லோரும் சுற்றி நின்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடு, நான் பிடிச்சுக்கறேன். நீ ஓடு."

மொத்தக் குடும்பமும் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு வீல் என்று கத்தியது. நர்ஸ் எங்கள் எல்லோரையும் வெளியே துரத்தினார்.